நான் எழுதாமல் விட்ட பத்தி

1

போன வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். இந்த வேலையில் நான் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறதாம். நார்வேக்காரர்களுக்கு எதற்கும் கேக்தான். குழந்தை பிறந்தாலும், ஒருவர் வேலையை விட்டுப் போனாலும், பெர்கன் நகரத்தில் நாலு நாள் தொடர்ந்து மழை பெய்யாமல் இருந்தாலும் கேக்.

என் மேலாளர் இங்கிரிட் காகிதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சின்னதாக ஒரு பேச்சுப் பேசினாள். "சீலியிடம் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. எந்தச் சிக்கலைச் சரிசெய்தாலும், ஒன்றையும் விடாமல் எழுதி வைத்துவிடுவாள். அடுத்து வருகிறவர் தவிக்க வேண்டியதே இல்லை." எல்லோரும் கைதட்டினார்கள். நான் நன்றி சொன்னேன்.

அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. பாத்திரம் கழுவ ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன். ஜன்னலிலிருந்து திரும்பி வந்து, எதற்குப் போனேன் என்று யோசிக்கிறேன். என் கணவர் ஆல்பர்ட், "ஒரு எடத்துல குந்தேன்" என்கிறார். எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று இங்கிரிட்டுக்குத் தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது. ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களிடம் சொன்னால் கொஞ்சம் அடங்கும் என்று பார்க்கிறேன்.

2

என் முழுப் பெயர் ஜெயசீலி. திருக்கழுக்குன்றத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் பஸ் நிற்கும் ஒரு ஊரின் காலனியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் கழனியில் வேலை செய்தார்கள். பிறகு அப்பாவுக்குக் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒப்பந்தத்தில் தோட்ட வேலை கிடைத்தது. அங்கே குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடும்போது, ஆபீசர்களின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வருவார். 1993இல் அப்படிக் கேட்டுக்கொண்டு வந்த சொல்தான் 'கம்ப்யூட்டர் கோர்ஸ்'.

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடியில் அந்த வகுப்பு நடந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். எட்டுக் கணினிகள், இருபத்துநாலு பேர். ஒரு நாளைக்கு ஆளுக்கு அரை மணி நேரம்தான். டேட்டாபேஸ் என்ற சொல்லை அங்கேதான் கேட்டேன். ஒரு பெரிய கணினி தகவல்களையெல்லாம் வைத்திருக்கும். அதற்குப் பெயர் சர்வர். நம் மேசைக் கணினியில் இருக்கும் ஒரு சின்ன நிரல் அதனிடம் கேட்டு வாங்கி வரும், அது கிளையண்ட். இரண்டும் ஒன்றுக்கொன்று புரிகிற பதிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சர்வர் வாசலிலேயே மறுத்துவிடும். இந்த நாலு வாக்கியத்தை வைத்துத்தான் பதினைந்து வருடமாகச் சோறு சாப்பிடுகிறேன்.

பிறகு சென்னையில் வேலை. செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியராக இருந்த ஆல்பர்ட்டோடு கல்யாணம். மகள் ரெபெக்கா பிறந்தாள். 2001 செப்டம்பரில், பெர்கனில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. எந்தப் பெட்டி மீன் எந்தப் படகில் வந்தது, எந்தக் குளிரில் எந்த நாட்டுக்குப் போனது என்பதெல்லாம் அவர்களுடைய டேட்டாபேஸில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

முதல் வருடம் ஒரு மதிய உணவின்போது, என் அப்போதைய மேலாளர் ஆர்னே இன்னொரு துண்டு மீன் வைக்க வந்தார். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, இங்கிலீஷில் சொல்வதுபோல 'ஃபுல்' என்று சொன்னேன். நார்வேஜிய மொழியில் அதற்குக் குடிபோதையில் இருக்கிறேன் என்று அர்த்தம். பகல் பன்னிரண்டு மணிக்கு நான் அதை அவ்வளவு மரியாதையாகச் சொன்னதைப் பார்த்து ஆர்னேவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நல்ல மனிதர். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்து நான் பொய் சொல்லப்போவது அவரிடம்தான்.

எங்கள் குடியிருப்பு அனுமதி என் வேலையோடு கட்டப்பட்டது. வருடா வருடம் காவல் நிலையத்துக்குப் போய், எண் அச்சடித்த சீட்டைக் கிழித்துக்கொண்டு உட்கார வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் ஒவ்வொரு காகிதமாகப் பார்த்து, இல்லாத காகிதத்தை மட்டும் கேட்பாள். அவள் சொன்னது இதுதான்: இடையில் வேலை விட்டுப்போகாமல் மூன்று வருடம் முடித்தால் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். 2004 செப்டம்பர் பத்தாம் தேதியோடு எங்களுக்கு மூன்று வருடம். ஆல்பர்ட் அந்தத் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவர், இங்கே ஒரு ஓட்டல் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டு, மாலையில் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்.

3

2004 ஏப்ரலில் ஆர்னே என்னை அறைக்குள் கூப்பிட்டார். டேட்டாபேஸ் பராமரிப்பை இந்தியாவில் ஒரு கம்பெனியிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று மேலிடம் சொல்கிறதாம். மே மாதம் முழுக்கச் சோதனை. சரியாக வந்தால் முழுவதும் அங்கே போகும்.

"எந்த ஊர்?" என்று கேட்டேன்.

காகிதத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டினார். "கெ-லம்-பாக்-கம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்பளத்தைத் தாண்டி பஸ் திரும்பும் முனை, சவுக்குத் தோப்பு. நான் சென்னையில் வேலைக்குப் போன நாட்களில் ஒரு டீ குடிக்கக்கூட அங்கே யாரும் இறங்கமாட்டார்கள். என் ஊருக்குப் பக்கம் என்று சொன்னேன். அப்படியானால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றார் ஆர்னே. அவருடைய முகத்தில் கபடம் இல்லை. என்னுடைய மூன்று வருடக் கணக்கு அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. தயவு கேட்பதுபோல் ஆகிவிடும் என்று வீம்பு.

கேளம்பாக்கத்துக்காரர்களுக்குக் கையளிப்புக் குறிப்பு ஒன்றை எழுதித் தரச் சொன்னார். அதுவரை வந்த சிக்கல்கள், அவற்றைச் சரிசெய்த விதம், எல்லாம். நாற்பத்தாறு பக்கம் எழுதினேன். ஒரு பத்தியை மட்டும் எழுதவில்லை.

அது அந்த ஜனவரியில் நடந்தது. சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தோம். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை அதில் மாறியிருந்தது. பழைய கிளையண்டுக்கு அந்த முறை தெரியாது. எல்லாக் கணினியிலும் புதிய கிளையண்டை ஏற்றினேன். அப்படியும் சரக்கு அறிக்கை எடுக்கும் நிரல் மட்டும் திறக்கவில்லை. உங்கள் கிளையண்ட் பழையது, புதியதற்கு மாறுங்கள் என்றே செய்தி வந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். காரணம் சின்னது. அந்த அறிக்கை நிரல், தன்னுடைய சொந்த ஃபோல்டருக்குள் கிளையண்டின் பழைய பிரதி ஒன்றை வைத்திருந்தது. வெளியே எத்தனை புதியது இருந்தாலும், பக்கத்தில் இருப்பதைத்தான் அது எடுக்கும். அந்த ஒரு ஃபைலின் பெயரை மாற்றினால் போதும், பழையது கண்ணில் படாமல் புதியதைத் தேடிப் போய்விடும். பன்னிரண்டு மேசைக்கும் நானே போய் மாற்றினேன். ஃபைலின் பெயருக்குப் பின்னால் என் பெயரையும் சேர்த்து வைத்தேன், யாராவது தொட்டால் என்னைக் கேட்கட்டும் என்று.

குறிப்பு எழுதும்போது இது மறந்துபோய்விட்டது என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. மறக்கவில்லை. முப்பத்தோராம் பக்கத்தில் அதற்குத் தலைப்புக்கூடத் தட்டினேன். பிறகு அந்த வரியை அழித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனேன்.

4

மே மாதக் கடைசி வாரம் அறிக்கை எடுக்கும் வேலை கேளம்பாக்கத்துக்குப் போனது. செவ்வாய்க்கிழமை ஆறு கணினியிலும் நிரலை ஏற்றினார்கள். ஆறிலும் அதே செய்தி.

ஒலிபெருக்கித் தொலைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு ஆர்னேவும் நானும் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் தணிகைவேல் என்பவர். முதல் வாரத்திலிருந்தே அவர் பேசும் இங்கிலீஷ் எனக்கு வித்தியாசமாகப் பட்டது. "ஷ்யூர் சார், ரைட் அவே சார், மை பிளஷர்" என்று, விடுதி வரவேற்பில் நிற்பவர் மாதிரி பேசுவார். அன்றைக்குப் பேசிக்கொண்டே இருந்தவர், வாயைத் தொலைபேசியிலிருந்து விலக்கிக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ சொன்னார்:

"இன்னாம்மா இது, எத்தினி தபா போட்டாலும் அதே மெசேஜ்தான் வந்துகினு கீது. செம பேஜாரு."

மூன்று வருடமாக வீட்டுக்கு வெளியே நான் கேட்காத பேச்சு. ஆபீஸ் அறையில், ஆர்னேயின் காபிக் கோப்பைக்குப் பக்கத்திலிருந்து அது வந்ததும் என்னை அறியாமல் ஒரு சிரிப்புச் சத்தம் வெளியே வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என்ன சொன்னார்?" என்றார் ஆர்னே.

"சரிபார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்."

அழைப்பு முடிந்ததும் ஆர்னே என் பக்கம் திரும்பினார். "ஜனவரியில் நமக்கும் இதே மாதிரி வந்ததே, நீதானே சரிசெய்தாய்?"

"அது வேறு" என்றேன். நார்வேஜிய மொழியில் நாலே சொல். இலக்கணப் பிழை இல்லாமல் வந்தது.

ஆர்னே தலையாட்டினார். வெள்ளிக்கிழமை மதியம் வரை பார்க்கலாம், அதற்குள் அவர்களால் முடியாவிட்டால் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிடலாம் என்றார்.

5

புதன்கிழமை காலை என் மேசைத் தொலைபேசி அடித்தது.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க தமிழா?"

தணிகைவேல். ஆமாம் என்றேன்.

"நெனச்சேன். நேத்து நான் பேஜாருன்னு சொன்னப்ப யாரோ சிரிச்ச மாரி கேட்டுது. எந்த ஊரு மேடம்?"

"திருக்கழுக்குன்றம் பக்கம்."

"நம்ம ஏரியாதான். எனக்கு திருப்போரூர்ல இருந்து மாமல்லபுரம் போற ரோட்டுல. காலனிதான் மேடம்."

நம் பக்கத்தில் ஊரைக் கேட்டவர் அடுத்ததாக என்ன கேட்பார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை. தன்னுடையதைத் தானே முன்னால் எடுத்து வைத்தார். நானும் காலனிதான் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. சொன்னால் நெருங்கிவிடுவார், நெருங்கினால் உரிமையோடு கேட்பார் என்று பயந்தேன்.

சொல்லாமலேயே அவர் பேசினார். மாமல்லபுரத்தில் கடற்கரையோர விடுதி ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தாராம். "வெள்ளக்காரன் வந்தா சாவி குடுக்கறது, புக்கிங்க கம்ப்யூட்டர்ல ஏத்தறது. அது மக்கர் பண்ணா நான்தான் நோண்டுவேன். அதுலதான் மேடம் இதெல்லாம் கத்துகினேன். இப்ப ஆறு பேரு கீறோம். இது நின்னுபோச்சின்னா எங்கள வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஓட்டல் வேலையையும் வுட்டுட்டேன்." பிறகு விஷயத்துக்கு வந்தார். "தனியா டெஸ்ட் பண்ணா சர்வரு எடுத்துக்குது மேடம். அந்த அறிக்கை புரோகிராம தொறந்தா மட்டும் மாட்டேங்குது. உங்களுக்கு இன்னானா தோணுதா?"

விடையின் வாசலில் நின்றுகொண்டுதான் கேட்டார். ஃபோல்டருக்குள் பாருங்கள் என்ற ஒரே வாக்கியம் போதும்.

"வெர்ஷன செக் பண்ணுங்க" என்றேன்.

"நாலு தபா பாத்துட்டோம் மேடம்."

"இன்னொரு தபா பாருங்க."

தொலைபேசியை வைத்த பிறகுதான், நானும் தபா என்று சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் ஆல்பர்ட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அந்த ஆளு ஒண்ணும் கெட்டுப் போவமாட்டான். நம்ம ஊர்ல கீறான், அவன் வூட்டுல கீறான். நம்மள அனுப்பிட்டா எங்க போவறது? நான் விட்ட வாத்தியார் வேலைய யாரு திரும்பக் குடுப்பான்? நாலு மாசம், அவ்ளோதான். அதுவரைக்கும் வாய மூடிகினு இரு."

"நாலு மாசம் கழிச்சு சொன்னா அவங்களுக்கு இன்னாத்துக்குங்க ஆவும்?"

"எனக்கு மட்டும் இது புடிச்சு சொல்றனா சீலி? என் கைய பாரு." நீட்டினார். வெந்நீரிலும் சோப்பிலும் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. நான் பார்த்தேன்.

ரெபெக்காவுக்கு அப்போது ஏழு வயது. எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள். "அப்பா பிழையாக் கதைக்கிறார். மூடிக்கொண்டு எண்டுதான் சொல்ல வேணும்." பெர்கனில் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். சனிக்கிழமை சனிக்கிழமை அங்கே அனுப்புகிறோம். அவர்களுடைய தமிழ் அவளுக்கு அழகாக வந்தது. எங்களுடையது தமிழ்தானா என்று அவளுக்குச் சந்தேகம். அன்று ஆல்பர்ட் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு அவள் நார்வேஜிய மொழியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "அம்மா, அந்த மாமாவுக்கு ஏன் உதவி செய்யவில்லை?" எனக்குப் புரியாததுபோல் இருந்துவிட்டேன். அவள் அதைத் தமிழில் திருப்பிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பல கேள்விகளை அவள் அப்படித்தான் ஒரே மொழியில் கேட்டு விட்டுவிடுகிறாள். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

வியாழக்கிழமை முழுக்கத் தொலைபேசி அடிக்கவில்லை. அடிக்காத தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை கையில் எடுத்தேன். கேளம்பாக்கத்து எண்ணைக்கூட ஒரு முறை பாதி அழுத்தினேன். காவல் நிலையத்துக் கண்ணாடியும் அதன் பின்னால் இருக்கிற பெண்ணும் ஞாபகத்துக்கு வந்தார்கள். வைத்துவிட்டேன்.

6

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே ஆபீசுக்குப் போய்விட்டேன். ஆர்னே வந்திருக்கவில்லை. கோட்டைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது. கேளம்பாக்கத்தில் அப்போது பதினொன்றரை.

"ஆயிடுச்சி மேடம்" என்றார் தணிகைவேல்.

கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். என் வேலை போனது என்று ஒரு பக்கம். அப்பாடா என்று ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து வந்தன.

"டிஸ்க்கு முழுக்கத் தேடிப் பாத்தேன். அந்த ஃபைலு ரெண்டு கெடச்சுது. ஒண்ணு புதுசு. இன்னொண்ணு அறிக்கை புரோகிராம் ஃபோல்டருக்குள்ளாறயே கீது, அஞ்சு வருசத்துக்கு மின்னாடி தேதி. பேர மாத்தினேன். தொறந்துகிச்சு." அவர் குரலில் சந்தோஷம் இல்லை. "மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"உங்க ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர இங்கிருந்தே லைன்ல பாத்துக்கன்னு ஆர்னே சாரு நேத்து பர்மிஷன் குடுத்தாரு. அங்க எப்டி வேல செய்யுதுன்னு பாக்கலாம்னு போனேன். அங்கயும் அதே ஃபோல்டர்ல அந்தப் பழைய ஃபைலு கீது. பேர மாத்திக் கீது. பின்னால சீலின்னு போட்டுக் கீது. ஜனவரி மாசம்." அவர் பக்கத்தில், வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. "தெரிஞ்சும் ஏன் மேடம் சொல்லல?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இங்கிலீஷில் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"சொன்னா என் வேலை உங்களுக்கு வந்துடும்" என்றேன். "செப்டம்பர் வரைக்கும் எனக்கு இந்த வேலை வேணும். இல்லன்னா நாங்க இங்க இருக்க முடியாது, குழந்தையோட திரும்பணும். அதான் சொல்லல. மறக்கல. நல்லா ஞாபகம் இருந்துச்சு." பிறகு, எதற்கென்று தெரியாமல், "நானும் காலனிதான்" என்றேன்.

"எங்க டீம்ல சுகந்தின்னு ஒரு பொண்ணு கீது" என்றார் அவர். "அதுதான் இன்ஸ்டால் பண்ணுச்சு. தான் பண்ண தப்புதான்னு நெனச்சிகினு மூணு நாளா அழுதுகினு கீது. மேனேஜரு அத்தினி பேரு எதிர்ல அத திட்டிட்டாரு. வேல வேணாம், நின்னுக்கறேன்னு சொல்லிச்சு. அது அழுவறத பாத்துதான் நான் நேத்து வூட்டுக்குப் போவல."

ஆறு கணினி, ஒரு சோதனை, ஒரு கம்பெனி என்றுதான் நான் எண்ணி வைத்திருந்தேன். நான் பேசாமல் இருந்த மூன்று நாளும் ஒரு பெண் அங்கே அழுதுகொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அவ தப்பு இல்லன்னு சொல்லுங்க" என்றேன்.

"சொல்லிட்டேன். மேனேஜரு கிட்டயும் சொல்லிட்டேன். இத எழுதிடுங்க மேடம். அடுத்து வர்றவங்க யாரும் இப்டி அல்லாட வாணாம்."

வைத்துவிட்டார். கையளிப்புக் குறிப்பைத் திறந்து அந்தப் பத்தியை எழுதினேன். எட்டு வரி. நாலு நிமிடம் ஆனது. சிக்கல், காரணம், எந்த ஃபோல்டர், எந்த ஃபைல், எப்படிப் பெயர் மாற்றுவது, பிறகு எப்படிச் சோதிப்பது. எழுதி அனுப்பிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

7

ஜூன் மாதம் இரண்டாம் தேதி ஆர்னே என்னிடம் வேலை நீக்கக் காகிதத்தைக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வீட்டுக்குப் போனதும் ஆல்பர்ட் அதை வாங்கிப் படித்தார். அவருடைய நார்வேஜிய மொழி அதற்குள் என்னுடையதைவிட நன்றாகியிருந்தது. படித்துவிட்டு, அலமாரியிலிருந்து என் பழைய வேலை ஒப்பந்தத்தை எடுத்தார். அதையும் படித்தார். எழுந்து போய்க் காலண்டருக்கு முன்னால் நின்றார்.

வேலையிலிருந்து எடுப்பதாக இருந்தால், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மூன்று மாதம் சம்பளத்தோடு வைத்திருந்துதான் அனுப்ப வேண்டும். ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் அது இருந்தது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். என் வேலை செப்டம்பர் முப்பதாம் தேதி வரை இருந்தது. எங்களுடைய மூன்று வருடம் செப்டம்பர் பத்தாம் தேதியே முடிந்தது.

நான் எதையும் மறைத்திருக்கவே வேண்டாம். முதல் நாளே அந்தப் பத்தியை எழுதிக் கொடுத்திருந்தாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நார்வேஜிய மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவள், நாலாம் பக்கத்தை மூன்று வருடமாகப் படிக்கவில்லை. அது தெரியாமல் பயந்து, எனக்குத் தெரியாத ஒரு பெண்ணை அழ வைத்தேன். ஆல்பர்ட் காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் உன்ன வாய மூடச் சொன்னேன்" என்றார். "நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் மூடிட்டேங்க" என்றேன். அதற்குமேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

டிசம்பரில் நிரந்தர அனுமதி வந்தது. அதற்கு முன்பே, நவம்பரில், இப்போது இருக்கும் வேலை கிடைத்திருந்தது. ஆர்னே எனக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதித் தந்தார். கேளம்பாக்கத்தின் தீர்வும் ஜனவரியில் நான் செய்ததும் ஒன்றுதான் என்று அவருக்குப் புரிந்திருக்குமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கடிதத்தில் எல்லாம் நல்லதாகத்தான் இருந்தது. நேர்மை என்ற சொல் மட்டும் இல்லை. அது வழக்கமாகவே எழுதாத சொல்லா, எனக்கு மட்டும் எழுதாமல் விட்ட சொல்லா என்று தெரியவில்லை.

8

2008 ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தேன். போன மூன்றாம் நாளே உட்கார முடியாமல், திருப்போரூர் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கேளம்பாக்கத்தில் இறங்கினேன். எனக்குத் தெரிந்த முனை அடையாளம் தெரியவில்லை. வீட்டுமனை விளம்பரங்களும் அடுக்குமாடிகளுமாக இருந்தது. தணிகைவேலின் கம்பெனி இப்போது முழுக் கட்டடம். அவருக்குக் கீழே முப்பது பேர். காதோரம் நரைத்திருந்தது. எதிரே இருக்கும் கடைக்கு டீ குடிக்கக் கூட்டிப்போனார்.

மீன் கம்பெனியின் சர்வர் எப்படி இருக்கிறது என்று பேசினோம். அவர் பிள்ளைகளைப் பற்றி, ரெபெக்காவைப் பற்றிப் பேசினோம். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"சுகந்தியா? அது பெங்களூர் போயிடுச்சி மேடம். கல்யாணம் ஆயி, நல்லாக் கீது. உங்க விஷயம் அதுக்குத் தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்லல." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அன்னிக்கு நான் ஒண்ணு பண்ணேன். சொல்லவா?"

சொல்லுங்கள் என்றேன்.

"உங்களுக்குப் போன் பண்றதுக்கு மின்னாடியே ஆர்னே சாருக்கு ஒரு மெயில் அடிச்சி வெச்சிட்டேன். உங்களுக்கு ஜனவரிலயே தெரியும், தெரிஞ்சே சொல்லலன்னு. உங்க பேரு போட்ட அந்த ஃபைல படம் புடிச்சி அதுலயே சேத்துட்டேன். மறந்துட்டேன்னு நீங்க சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேன்."

சாலையில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. என் கையில் இருந்த டீ ஆறிவிட்டது.

"அந்த மெயில் இப்ப?"

"அப்டியேதான் கீது."

"ஏன் அழிக்கல?"

உண்மையாகவே யோசித்தார். "தெரியல மேடம். உங்கமேல கோவம்லாம் ஒண்ணும் இல்ல. அனுப்பவும் மனசு வரல, அழிக்கவும் மனசு வரல."

அழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, டிரைவரிடம், "அண்ணாத்த, திருப்போரூர் பஸ் ஸ்டாண்டுல எறக்கிவுடு" என்றார். வண்டி நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். அவர் சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

இப்போதும் மாதம் ஒரு முறையாவது அவரிடமிருந்து மெயில் வருகிறது. பெயரைப் பார்த்ததும், திறப்பதற்கு முன்னால் என் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது. இதுவரை வந்ததெல்லாம் வேலைக் கேள்விகள்தான். அவர் கேட்டதற்கு மேலேயே, எனக்குத் தெரிந்தது அத்தனையும் எழுதி, அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.